எலும்பும் எழிலும்

பக்தி பட்டுப்போனால் கலையும் பட்டுப்போகும் என்று நமக்குப் பாடம் சொல்ல வருவோர் பலர். பகுத்தறிவு பேசிவிட்டு மேடையை விட்டு நாம் இறங்கியதும், இதழோரத்தில் இளநகையுடன் எதிரே வந்து நிற்கிறார்கள். "கடவுள் எதற்கு, காணிக்கை எதற்கு என்கிறீர்களே ஐயா! மேல்நாட்டிலே விண்ணை முட்டும் மாதாகோயில்களைப் பாருங்கள். அவற்றை எழுப்பியது உங்கள் பகுத்தறிவா? பக்தியல்லவா!" என்று கேட்கிறார்கள். கேட்டுவிட்டு, நாம் நாவடங்கி நிற்போம் என எதிர்பார்க்கிறார்கள்.

நாம் நாவடங்கி நிற்கப்போவதில்லை. வரலாற்று ஏட்டைத் திறக்கப்போகிறோம்.

பேச்சு பொதுவாக இருக்கும்வரை வழக்கு முடிவுக்கு வராது. ஆகவே ஒரே ஒரு கோயிலை எடுத்துக்கொள்வோம். நமக்கு வாய்ப்பாக, அழகற்ற ஒன்றைத் தேடிப் பிடிக்கவேண்டாம். மாற்றார் மார்தட்டிக் காட்டக்கூடிய ஒன்றையே எடுத்துக்கொள்வோம். பிரான்சு நாட்டிலே, பர்கண்டிப் பகுதியிலே, பாரிசு நகருக்குத் தென்கிழக்கே இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால், வெசலே என்றொரு குன்றூர். குன்றின் உச்சியிலே மகதலேன் மரியாளின் பெயரால் நிற்கிறது ஒரு மடாலயக் கோயில். உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலிலே 1979ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் இதற்கு இடம் தந்தது.

அழகா அந்தக் கோயில்? ஆம், அழகுதான்! ஐயமென்ன? முன்மண்டபம், நெடுமண்டபம், கருவிடம் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 120 மீட்டர் நீளம். நடுவிலுள்ள நெடுமண்டபம் மட்டுமே 62 மீட்டர். பத்துக் கண்களாகப் பகுத்து, கண்ணுக்கொரு வளைவு எழுப்பி, வளைவிலே வெண்கல்லும் பழுப்புக்கல்லும் மாறி மாறி அடுக்கி, 18 மீட்டர் உயரத்திலே கற்கூரை வேய்ந்திருக்கிறார்கள். தூண்தலைதோறும் சிற்பம், ஏறத்தாழ நூறு தூண்தலைகள், ஒன்றைப் போல் மற்றொன்று இல்லை. அழகை அழகென்று ஒப்புவதற்குப் பகுத்தறிவாளன் அஞ்சவேண்டியதில்லை. அழகுக்கு யார் உரியவர் என்பதிலேதான் வழக்கு.

வழக்கை முதலிலிருந்தே கேளுங்கள்.

9ஆம் நூற்றாண்டின் நடுவிலே, ஜிரார் என்ற கோமகனும் அவர் துணைவி பெர்த்தும் குன்றின் அடிவாரத்திலே ஒரு கன்னியர் மடம் நிறுவினர். வடபுலக் கொள்ளையர் அதை அழித்தனர். பிறகு மடம் குன்றின் மேலே ஏறியது. கன்னியருக்குப் பதில் ஆண் துறவிகள் அமர்ந்தனர். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் அது பத்தோடு பதினொன்றாக இருந்த மடம். அதுவரை மகதலேன் மரியாளைப் பற்றி அங்கே பேச்சில்லை, மூச்சில்லை.

1037இல் ஜோஃப்ருவா என்பார் மடாதிபதியானார். அவர் காலத்திலேதான் செய்தி பரவிற்று: மரியாளின் உடல் எங்கள் மடத்திலே அடங்கியிருக்கிறது என்று! 1050இல் போப்பாண்டவரின் ஆணை மரியாளை மடத்தின் காவலர் வரிசையிலே சேர்த்தது. 1058இல் மற்றொரு போப்பாண்டவரின் ஆணை, உடல் அங்கேதான் உளது என்பதையும் ஒப்பிற்று. இரண்டு ஓலைகள், எலும்பு உண்மையாயிற்று!

அந்தக் காலத்து மக்கள் எல்லாரும் ஏமாளிகள் என்று எண்ணிவிடாதீர்கள், தோழர்களே. அன்றும் கேள்வி கேட்டவர்கள் இருந்தார்கள். யூதேயா நாட்டிலே பிறந்த பெண்ணின் உடல் இவ்வளவு தொலைவிலுள்ள பர்கண்டிக்கு எப்படி வந்தது என்று கேட்டார்கள். மடத்தார் எழுதிவைத்த ஏடே இதற்குச் சான்று. அந்த ஏடு தந்த விடை என்ன தெரியுமா? கடவுளால் எல்லாம் ஆகும் என்பதே! எந்த நாட்டிலே, எந்த நூற்றாண்டிலே கேட்டாலும், கேள்விக்கு விடை இல்லாதபோது புரோகிதர் சொல்லும் விடை அது ஒன்றுதானே?

அந்த விடை போதவில்லை என்பது மடத்தாருக்கே விளங்கிற்று. பின்னர் ஒரு கதை பிறந்தது. மரியாள் கடல் கடந்து தெற்கே ப்ரோவான்ஸ் கரைக்கு வந்தாராம், அங்கேயே இறந்தாராம், சாரசேனியர் படையெடுப்பிலே கல்லறைக்கு இடர் நேருமென்று, பதிலோன் என்ற துறவி இரவோடிரவாக உடலை எடுத்து வந்தாராம். எடுத்து வந்தார் என்றால் என்ன பொருள்? நாம் எடுத்தால் திருட்டு; துறவி எடுத்தால் திருப்பணி!

எலும்பு வந்தது, கூட்டம் வந்தது, காசு வந்தது. ஸ்பெயின் நாட்டுச் சந்தியாகோ கோயிலுக்குச் செல்லும் நான்கு பெருவழிகளில் ஒன்று வெசலேயிலே தொடங்கிற்று. வந்தவர் தங்க இடம் வேண்டும், உண்ண உணவு வேண்டும், வாங்கச் சந்தை வேண்டும். சிற்றூர் பேரூராயிற்று. மடம் செல்வத்திலே புரண்டது. கூட்டம் பெருகவே கோயில் போதவில்லை. பெரிய கோயில் வேண்டுமென்றார் மடாதிபதி ஆர்த்தோ. 1104இல் புதிய கருவிடத்துக்குத் திருநிலைப்படுத்தும் விழா நடந்தது. 1106இல் அதே மடாதிபதியை அதே ஊர் மக்கள் கொன்றனர்!

கொலையை நாம் போற்றவில்லை, போற்றவும் மாட்டோம். ஆனால் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்காமல் விடவும் மாட்டோம். பக்திப் பெருக்கால் எழுந்த கோயில் என்கிறீர்களே! பக்தி பெருக்கெடுத்து ஓடிய ஊரிலே, விழா முடிந்த இரண்டே ஆண்டுகளில், மடாதிபதியின் குருதி ஏன் ஓடிற்று? வரிச்சுமையே காரணம். திருப்பணியின் பெயரால் ஏற்றப்பட்ட சுமை முதுகை முறித்தது. கோயிலுக்கு வந்தது காணிக்கை மட்டுமன்று. கசக்கிப் பிழிந்த காசும் வந்தது.

1120, சூலைத் திங்கள். மரியாளின் திருநாளுக்கு முந்திய இரவு. கோயில் நிறையக் கூட்டம். தீப்பிடித்தது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர் என்கிறது பழைய குறிப்பு. நோய் தீர வந்தவர், நேர்ந்துகொண்டு நெடுவழி நடந்து வந்தவர், பிள்ளையைத் தோளிலே சுமந்து வந்தவர் எனப் பலரும் வெந்து மடிந்தனர். எந்த எலும்பைத் தொட்டால் இடர் நீங்கும் என்று வந்தார்களோ, அந்த எலும்பின் காலடியிலேயே கரியானார்கள். அருள் அன்று எங்கே போயிற்று? இந்தக் கேள்வியை நாம் ஏளனத்துக்காக எழுப்பவில்லை. மாண்டவர் நம்மைப் போன்ற எளியவர். அவர்களுக்காக நெஞ்சு நோவதால் எழுப்புகிறோம்.

அந்தத் தீக்குப் பின் எழுந்ததுதான் இன்று நாம் வியக்கும் நெடுமண்டபம். ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் எழுந்தது. எரிந்த ஊர் பாடம் கற்றிருந்தது. கூரை இனி மரத்தால் மட்டும் வேண்டாம், கல்லால் வளைத்துக் கட்டுவோம் என்ற எண்ணம் அக்கால ஐரோப்பாவெங்கும் வலுத்துவந்தது. அந்த முடிவைப் பிறப்பித்தது செபம் அன்று, பட்டறிவு!

கல்லால் வளைத்த கூரைக்கு ஓர் இயல்பு உண்டு. அது கீழ்நோக்கி மட்டும் அழுத்துவதில்லை, பக்கவாட்டிலும் தள்ளும். அரைவட்ட வளைவு இருபுறச் சுவர்களையும் ஓயாமல் வெளியே உந்திக்கொண்டேயிருக்கும். வெசலேக் கொத்தர்கள் துணிச்சல்காரர்கள். கீழே அகன்ற வளைவு, மேலே பெரிய பலகணி, அதற்கும் மேலே கற்கூரை என்று அடுக்கினார்கள். உள்ளே ஒளி வெள்ளம் பாய்ந்தது. ஆனால் தாங்கும் வலிமை குறைந்தது. சுவர்கள் வெளிப்புறம் சாய்ந்தன. வட்டமாயிருந்த வளைவுகள் அமுங்கித் தட்டையாயின. இன்றும் கண்ணால் காணலாம். சுவர் சாய்ந்தபோது திருநீர் தெளித்தால் நிமிர்ந்ததா? மறைநூல் ஓதினால் மீண்டதா? வெளியே முட்டு வளைவுகள் கட்டித் தாங்கினார்கள், நின்றது.

அதே கோயிலின் கிழக்கே செல்லுங்கள். 12ஆம் நூற்றாண்டின் இறுதியிலே கருவிடத்தைப் புதிதாகக் கட்டினார்கள். அங்கே அரைவட்ட வளைவு இல்லை. கூர்முனை வளைவு இருக்கிறது. கூரையின் பளுவை விலா எலும்பு போன்ற கல்வரிகள் ஏந்தித் தூண்களுக்கு இறக்கிவிடுகின்றன. நெடுமண்டபத்துக்கும் கருவிடத்துக்கும் இடையே ஐம்பது அறுபது ஆண்டுகள்தான். வழிபட்ட கடவுள் மாறவில்லை. ஓதிய மந்திரமும் மாறவில்லை. மாறியது கொத்தனின் அறிவு! அவன் அப்பனும் பாட்டனும் செய்த பிழையைக் கண்டான், கணக்கிட்டான், திருத்தினான். இதற்குப் பகுத்தறிவு என்று பெயரில்லையானால் வேறு எதற்குப் பெயர்?

மாற்றார் கைவசம் மற்றோர் அம்பு உண்டு. சூன் திங்கள் இறுதியிலே, நண்பகலில், தென்புற மேற்பலகணிகள் வழியே விழும் கதிரவன் ஒளி, நெடுமண்டபத்தின் நட்டநடுவே ஒளிவட்டங்களாக ஒரே வரிசையில் விழுகிறது. வாயிலிலிருந்து கருவிடம் நோக்கி ஒளிப்பாதை ஒன்று நீள்கிறது. "அற்புதம் அல்லவா?" என்கிறார்கள். அழகு; அற்புதமன்று. வெசலே ஏறத்தாழ 47½ பாகை வட அகலாங்கிலே இருக்கிறது. கோடைத் திருப்பத்தன்று நண்பகலில் கதிரவன் அங்கே அடிவானிலிருந்து 66 பாகை உயரத்திலே நிற்கும். பலகணியின் உயரமும் மண்டபத்தின் அகலமும் தெரிந்தால், ஒளி எங்கே விழும் என்பதைப் பள்ளி மாணவன் சுவடியிலே வரைந்து காட்டுவான். குளிர்காலத்தில் அதே கதிரவன் 19 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. ஒளியும் தரையை விட்டு எதிர்ப்புறத் தூண்தலைகளுக்கு ஏறிவிடும். கதிரவனுக்கு மதமில்லை, தோழர்களே, கணக்கு உண்டு.

இனி வாயிலுக்கு வருவோம். முன்மண்டபத்திலிருந்து உள்ளே நுழையும் பெருவாயிலின் மேலே அரைவட்டக் கற்பலகை ஒன்று. நடுவே இயேசு, விரித்த அவர் கைகளிலிருந்து சீடர்களின் தலைக்குக் கதிர்கள் பாய்கின்றன. ஆடையின் மடிப்பெல்லாம் காற்றிலே அலைவது போன்ற வேலைப்பாடு. அந்தச் சிற்பியின் உளியை வாழ்த்துகிறோம். ஆனால் அவனுக்கு ஏட்டை விரித்துக் காட்டிய துறவிகளின் அறிவை என்னென்பது? சீடர்கள் சென்று திருத்தவேண்டிய உலக மக்கள் யார் யார் என்று அதே பலகையைச் சுற்றிச் செதுக்கச் செய்திருக்கிறார்கள். உடலையே மூடிக்கொள்ளும் அளவு பெருஞ்செவி கொண்டவர், குதிரையேற ஏணி வைக்கும் குள்ளர், பன்றிமூக்கர், நாய்த்தலையர்!

நாய்த்தலையர் யார் தெரியுமா? கி.மு. 5ஆம் நூற்றாண்டுக் கிரேக்கரான தேசியாசு, இந்தியாவின் மலைகளிலே நாய்த்தலை மனிதர் வாழ்வதாக எழுதிவைத்தார். அந்தப் புளுகை ஏட்டுக்கு ஏடு பெயர்த்து, பதினைந்து நூற்றாண்டுகளுக்கு மேல் காத்து, கல்லிலும் செதுக்கிவிட்டார்கள். மறைவாயிலிலே நமக்குக் கிடைத்த மதிப்பு இது! அயலான் விலங்கு, ஆட்கொள்ளப்பட்டால்தான் மனிதன் என்ற ஆணவம் கல்லிலே உறைந்து நிற்கிறது. பிறப்பினாலோ, பிறந்த இடத்தாலோ ஒரு மனிதனைத் தாழ்த்தும் எண்ணத்துக்கு எந்த நாட்டு மறையும் விலக்கல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அதே வளைவின் வெளிச்சுற்றிலே சிற்பி வேறொன்றும் செதுக்கினான். ஓராண்டின் திங்கள்களும், அவ்வத்திங்களில் உழவன் செய்யும் தொழில்களும் வட்டம் வட்டமாக வருகின்றன. கனவிலே கண்ட பன்றிமூக்கன் பொம்மையாக நிற்கிறான். கண்ணாலே கண்ட உழைப்பாளி உயிரோடு நிற்கிறான். ஏட்டறிவு எங்கே முடிந்து, தன்னறிவு எங்கே தொடங்கிற்று என்பதை உளியே நமக்குக் காட்டிவிட்டது.

உள்ளே, புகழ்பெற்ற தூண்தலை ஒன்று. மோசே தானியத்தை ஆலையிலே கொட்டுகிறார். பவுல் மாவைப் பையிலே பிடிக்கிறார். பழைய ஏற்பாட்டின் தானியம் புதிய ஏற்பாட்டின் மாவாகிறது என்பது கருத்து. கருத்து கிடக்கட்டும், ஊரான் அந்த ஆலையைப் பார்த்து என்ன நினைத்திருப்பான்? அக்காலப் பிரான்சிலே ஆண்டையின் ஆலையிலே அரைத்து, ஆண்டையின் அடுப்பிலே அப்பம் சுட்டு, இரண்டுக்கும் கட்டணம் கட்டவேண்டும் என்பது வழக்கம். வெசலேயிலே மடமே ஆண்டை. கல்லிலே தானியம் மோசேயின் பையிலிருந்து விழுந்தது. மண்ணிலே அது உழவனின் பையிலிருந்து விழுந்தது. மாவைப் பிடித்த பை மட்டும் இரண்டிடத்திலும் மடத்தின் பை!

1146, மார்ச்சுத் திங்கள் 31. உயிர்த்தெழுந்த திருநாள். ஏழாம் லூயி மன்னன் எதிரே அமர, பெர்னார் என்னும் பெருந்துறவி இரண்டாம் சிலுவைப் போருக்கு அறைகூவினார். கோயில் கொள்ளாத கூட்டம்; குன்றின் சரிவிலே திறந்தவெளியிலே பேச்சு. ஆயிரமாயிரவர் சிலுவை தரித்துப் புறப்பட்டனர். 1148இல் தமாசுகசு நகர்முன் சில நாள் முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பினர். திரும்பாதவரே மிகப் பலர். தோல்விக்கு விளக்கம் கேட்டபோது, போனவர்களின் பாவமே காரணம் என்று எழுதினார் அனுப்பிய துறவி! வென்றால் ஆண்டவன் அருள். தோற்றால் அடியவன் பாவம். இந்தக் கணக்கிலே கடவுளுக்கு எந்நாளும் நட்டமில்லை.

பெர்னாருக்கு நேர்மை செய்ய, மற்றொன்றையும் சொல்லவேண்டும். ரைன் ஆற்றங்கரையிலே யூதரைக் கொல்லத் தூண்டிய ஒரு துறவியை அவர் தடுத்து நிறுத்தினார். இன்னொன்று, நம் வழக்குக்கே பயன்படுவது: 1125ஐ ஒட்டி எழுதிய மடலிலே, மடங்களின் ஆடம்பரத்தையும், ஏழை பசித்திருக்கக் கற்சுவர் பொன்னுடுத்துவதையும், தூண்தலைகளிலே கொடுவிலங்குகளும் விந்தை உருவங்களும் நிறைவதையும் அவர் வன்மையாகக் கண்டித்தார். வெசலேயின் தூண்தலைகள் செதுக்கப்பட்ட காலமே அது! பக்திதான் கலையின் தாய் என்போரே, அக்காலத்தின் தலைசிறந்த பக்தர் அந்தக் கலையை வேண்டாம் என்றாரே, விடை என்ன?

எளியவர் வரலாற்றுக்குத் திரும்புவோம். 1152இல் வெசலே ஊரார் ஒன்றுகூடி, ஒருவர்க்கொருவர் உறுதிமொழி உரைத்துக் கம்யூன் அமைத்தனர். தங்களை ஆள்வோரைத் தாங்களே தேர்ந்தெடுத்தனர். மடாதிபதி பொன்ஸ் மறுத்தார், வெகுண்டார். சமய விலக்கு என்னும் வாளை வீசினார். ஞானமுழுக்கு இல்லை, நல்லடக்கம் இல்லை என்று மிரட்டினால் மக்கள் மண்டியிடுவர் என்று நம்பினர் மடத்தார். மக்கள் மண்டியிடவில்லை! மூன்றாண்டுகள் போராடினர். நெவேர் நாட்டுக் கோமகன் அவர்களுக்குத் துணைநின்றான். அவனுக்கு மக்கள்மேல் காதல் இல்லை, மடத்தின்மேல் பகை இருந்தது. 1155இல் மன்னன் மடத்தின் பக்கம் சாய்ந்தான். கம்யூன் கலைக்கப்பட்டது, தண்டம் விதிக்கப்பட்டது. அந்தப் போராட்டத்தை நமக்கு எழுதிவைத்தவரும் மடத்துத் துறவி ஒருவரே. அவர் ஏட்டிலே ஊரார் துரோகிகள், மடாதிபதி தூயவர். வென்றவன் கை எழுதிய வரலாற்றிலிருந்தும் தோற்றவன் குரல் கேட்கிறதே, அந்தக் குரலின் வலிமைதான் என்னே!

அந்த ஊரார் நாத்திகர் அல்லர். மடாதிபதியைக் கொன்றவனும், கம்யூனுக்கு உறுதி கூறியவனும், கல்லைச் செதுக்கியவனும் கடவுளை நம்பியவர்களே. அதை நாம் மறைக்கவில்லை. நாம் சொல்வது இதுதான்: நம்பிக்கை அவன் நெஞ்சில் இருந்தது, கட்டடம் அவன் அறிவாலும் கையாலும் நின்றது. நெஞ்சிலிருந்ததைக் காட்டி, கையால் ஆனதற்கு உரிமை கொண்டாட மடத்துக்கு முறையில்லை.

இனி வருகிறது நாடகத்தின் உச்சக் காட்சி. 1267இல் ஒன்பதாம் லூயி மன்னனே நேரில் வந்து வணங்க, மரியாளின் எலும்புகளை வெசலேயிலே விழாவெடுத்துப் புதிய பேழைக்கு மாற்றினார்கள். பன்னிரண்டே ஆண்டுகள் கழிந்தன. 1279இல் தெற்கே ப்ரோவான்சிலே, சேன் மக்சிமேன் என்ற ஊரிலே, இளவரசர் சார்ல் முன்னின்று தோண்டினார். மரியாளின் உடல் கிடைத்துவிட்டது என்று முழங்கினார்! ஒரு பெண்ணுக்கு இரண்டு உடல்! வெசலேத் துறவி அன்று கவர்ந்து சென்றது யாருடைய உடல்? அதற்கும் விடை ஆயத்தம்: படையெடுப்புக்கு அஞ்சி உடலை முன்பே வேறு பேழைக்கு மாற்றிவிட்டார்களாம்; வந்தவர் ஏமாந்து வேறோர் உடலை எடுத்துப் போனாராம்! 1295இல் போப்பாண்டவரும் தெற்கத்தி எலும்பையே ஒப்பினார். 1058இல் ஒரு போப்பாண்டவர் ஒப்பிய எலும்பு, 1295இல் இன்னொரு போப்பாண்டவரால் ஒதுக்கப்பட்டது. தவறாமை எந்த ஓலையிலே இருக்கிறது?

கூட்டம் தெற்கே திரும்பிற்று. வெசலே வெறிச்சோடியது.

இங்கேதான், நண்பர்களே, நம் வழக்கின் உயிர்நாடி. மக்களை ஈர்த்தது எது? கலையா, எலும்பா? கலையாயின், 1279க்குப் பிறகும் அந்தத் தூண்தலைகள் அங்கேயே இருந்தனவே! அந்த ஒளி அங்கேயே விழுந்ததே! ஒரு கல்லும் குறையவில்லை. ஆனால் கூட்டம் குறைந்தது. ஏன்? எலும்பின் மதிப்புக் குறைந்தது. பக்தி, எழிலைத் தேடி வரவில்லை. எலும்பைத் தேடி வந்தது. எலும்பு போனதும் எழிலை அம்போ என விட்டுவிட்டுப் போயிற்று. கலையை வளர்த்தது பக்தி என்பீர்களாயின், கலையைக் கைவிட்டதும் அதுவேதான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்!

பிறகு நூற்றாண்டுக்கு நூற்றாண்டு சரிவு. 1530களில் துறவிகளின் இடத்திலே ஊதியம் பெறும் குருமார் அமர்ந்தனர். 1569இல் சீர்திருத்தக் கிறித்தவர் படை ஊரைப் பிடித்துக் கோயிலைச் சூறையாடிற்று. பிரெஞ்சுப் புரட்சியிலே மடத்தின் கட்டடங்கள் விற்கப்பட்டு இடிக்கப்பட்டன; கோயிலின் வெளிமுகப்புச் சிற்பங்கள் சிதைக்கப்பட்டன.

இந்த இடத்திலே நாம் நம்மவர்க்கே ஒரு சொல் சொல்லவேண்டும். புரட்சியின் பெயரால் சிற்பத்தின்மேல் விழுந்த சம்மட்டியை நாம் புகழமாட்டோம். கொடுமை செய்தது கல்லன்று. மடாதிபதியின் மேல் எழுந்த சினத்தை, மடாதிபதியால் உறிஞ்சப்பட்ட சிற்பியின் கைவேலைமேல் காட்டுவது, கொள்ளையனை விட்டுக் கொள்ளை கொடுத்தவனை அடிப்பதாகும். உடைக்கவேண்டியது ஆதிக்கம், காக்கவேண்டியது ஆக்கம். இதை மறக்கும் பகுத்தறிவு, பகுத்துப் பார்க்கத் தவறிய அறிவு.

பாழாகிக் கிடந்த கோயிலுக்கு 1834இல் ஒருவர் வந்தார். பெயர் ப்ரோஸ்பே மெரிமே. பின்னாளில் 'கார்மென்' என்ற கதையால் உலகப் புகழ் பெற்றவர். அப்போது பிரெஞ்சு அரசின் பழஞ்சின்னங்களின் ஆய்வாளர். உள்ளே அமர்ந்து படம் வரைந்துகொண்டிருந்தபோது, கூரையிலிருந்து சிறுகற்கள் பெயர்ந்து தம்மைச் சுற்றி விழும் ஓசையைக் கேட்டார். உடனே காக்காவிடில் ஒன்றும் மிஞ்சாது என்று அரசுக்கு எழுதினார். பொதுப்பணம் ஒதுக்கச் செய்தார். அந்த மெரிமே யார்? கடவுள் நம்பிக்கை இல்லாதவர்!

ஆம், நம்புங்கள். எலும்பு போனதும் பக்தி கைவிட்ட கோயிலை, எலும்பையும் நம்பாத, ஆண்டவனையும் நம்பாத ஒருவர் காத்தார். 1840இல் திருப்பணியை ஏற்றவர் வியொலே-ல-டுக். அன்று அவருக்கு அகவை 26. அரசுக் கலைக்கல்லூரியின் வாயிலை மிதிக்க மறுத்து, ஊர் ஊராகச் சென்று பழங்கட்டடங்களை வரைந்து வரைந்து கற்றவர். பெரியவர்கள் தொட அஞ்சிய கோயிலை அந்த இளைஞர் தொட்டார். சாய்ந்த சுவர்களுக்கு முட்டு வளைவுகளை மாற்றியமைத்தார். இற்றுப்போன கூரைக் கண்களை மீண்டும் கட்டினார். 1859 வரை பணி நடந்தது. சில சிற்பங்களைத் தம் விருப்பப்படி மாற்றினார் என்று அவர்மேல் குறை கூறுவோர் உண்டு. குறையில் உண்மையும் உண்டு. ஆனால் அவர் வராதிருந்தால் குறை கூறுவதற்கும் ஒரு சுவர் எஞ்சியிராது.

26 அகவை! இளைஞர்களே, எண்ணிப்பாருங்கள். ஏழு நூற்றாண்டுகளுக்கு முன் பெயரறியாக் கொத்தன் விட்ட பிழையை, ஏழு நூற்றாண்டுகளுக்குப் பின் ஓர் இளைஞன் கணக்கிட்டுத் திருத்துகிறான். இருவர்க்கும் இடையே பாலமாக நிற்பது எது? அறிவு. அந்தக் கோயிலிலே நாம் தலைவணங்கவேண்டிய இறவாமை ஒன்று உண்டென்றால் அது அறிவின் இறவாமையே.

1905இல் பிரான்சு ஒரு சட்டம் செய்தது. அரசு வேறு, சமயம் வேறு என்றது. அதுவரை எழுந்திருந்த கோயில் கட்டடங்கள் பொதுவுடைமையாக, அரசின் பெயரிலோ உள்ளாட்சியின் பெயரிலோ நின்றன. நம்புவோர் உள்ளே சென்று வழிபடத் தடையில்லை. நம்பாதார் உள்ளே சென்று வியக்கவும் தடையில்லை. இடிக்கவுமில்லை, அடிபணியவுமில்லை. கட்டடத்தைக் கட்டியவனின் வழித்தோன்றலுக்கு, பொதுமக்களுக்கு, உரிமையாக்கிற்று. 1155இல் தோற்ற வெசலே ஊரார் 1905இல் வென்றார்கள் என்றே நாம் இதைப் படிக்கிறோம். தீர்ப்புக் கிடைக்க 750 ஆண்டுகள் ஆயின!

ஆகவே, இளநகையோடு கேட்கும் நண்பர்களுக்கு நம் விடை இது. அந்தக் கோயிலை எழுப்பியது எது என்று கேட்டீர்கள். கல்லை வெட்டியது கை. வளைவை நிறுத்தியது கணக்கு. கூலியைத் தந்தது குடியானவன் வயிறு. கூட்டத்தைச் சேர்த்தது எலும்பைப் பற்றிய பொய். பொய் அம்பலமானதும் கோயிலைக் கைவிட்டது பக்தி, கைதூக்கிவிட்டது பகுத்தறிவு. இதிலே எந்த வரியை மறுக்கிறீர்கள்? ஆண்டையும் சான்றையும் அடுக்கிவைத்திருக்கிறோம்; வாருங்கள், வாதிடுவோம்.

நாம் வெசலே வாயிலில் நின்றால், கையெடுத்துக் கும்பிடமாட்டோம். கல்லெடுத்து எறியவும் மாட்டோம். அண்ணாந்து பார்ப்போம். ஆண்டின் திங்கள்களுக்கிடையே குனிந்து உழைக்கும் அந்த உழவனின் சிற்பத்தைத் தேடிக் காண்போம். நாய்த்தலையன் நாட்டிலிருந்து வந்திருக்கிறோம், தோழனே, உன் தலையை நிமிர்ந்து பார்க்க வந்திருக்கிறோம் என்று சொல்வோம்.